சூளை

சூளை (பெயர்ச்சொல்): மட்கலம், செங்கல், சுண்ணாம்பு ஆகியவற்றைச் சுடும் அடுப்பு. ‘சுள்ளை’ என்பது இதன் மற்றொரு வடிவம். ‘சுள்ளென்று’, ‘சுள்ளி’ ஆகிய சொற்களோடு உறவுடையதாகக் கருதப்படுகிறது. மலையாளத்தில் ‘சூள’.

புறநானூற்றின் 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், தாழி செய்யும் குயவரை விளிக்கையில் இச்சொல்லை ஆள்கிறார். சென்னையின் சூளைமேட்டுப் பெயரிலும் இது நிலைத்துள்ளது. காஞ்சிபுரம் அகழாய்வில் கிடைத்த கருப்பு-சிவப்புக் கலங்கள் சூளையின் வேலையைக் காட்டுகின்றன: கவிழ்த்துச் சுடும்போது காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவக்கும், காற்றுப்படாத உட்புறம் கருக்கும்.

இப்படிச் சூளையின் சூட்டில் துகள்கள் முழுதும் உருகாமலே ஒட்டி இறுகுவதைப் பொறியியலில் ‘சின்டரிங்’ என்பர். வழக்கமான சூளையில் வெப்பம் வெளியிலிருந்து உள்ளே செல்லும். பஞ்சுபோல் துளை நிறைந்த பீங்கான் நுரையில் அது மெல்லவே பரவுவதால், ஓரம் முந்தி இறுகும், நடு பிந்தும். மைக்ரோவேவ் சூளையில் பொருளே அலையை ஈர்த்து உள்ளிருந்து சூடேறும்; நேரம் குறையும். ஆனால் அலுமினா என்னும் பீங்கான் வகை குளிர்ந்த நிலையில் அலையைச் சரியாக ஈர்க்காது. அதனால் அலையை நன்கு ஈர்க்கும் சிலிக்கன் கார்பைடை அருகில் வைத்து முதற்சூடு ஏற்றுவர்.