சூரிய அரண (திரைப்படம்)
சூரிய அரண, சோமரத்ன திசாநாயக்க இயக்கி 2004இல் வெளிவந்த சிங்களத் திரைப்படம். அவருடைய மனைவி ரேணுகா பாலசூரிய தயாரித்தார். இசை ரோகண வீரசிங்க.

காட்டோரம் வேட்டையாடிப் பிழைக்கும் செதிரிஸின் (ஜக்சன் அன்ரனி) எல்லைக்குள் ஒரு மூத்த பிக்குவும் (ஜயலத் மனோரத்ன) சிறுவனான சாமணேரரும் (பயிற்சித் துறவி) வந்து தங்குகிறார்கள். கொல்லாமை போதிப்பவர்கள் அருகில் இருந்தால் தொழில் கெட்டுவிடும் என்று அஞ்சும் செதிரிஸ் அவர்களை விரட்டப் பார்க்கிறான். அவனுடைய மகன் திக்கிராவோ சின்ன பிக்குவோடு கூட்டாளியாகிவிடுகிறான். பிக்குவின் துவராடைக்குள்ளும் விளையாட்டுப் பிள்ளைதான் இருக்கிறது என்பதைக் காட்டும் இடங்களில்தான் படத்தின் சிரிப்பும் ஈரமும் சேர்ந்து வருகின்றன. சிறுவர்களாக வரும் சஜித அனுத்தரவும் தசுன் மதுசங்கவும் பெரியவர்களை மிஞ்சி நடித்திருக்கிறார்கள்.

பகைக்கு நடுவே பிள்ளைகளின் நட்பு திசாநாயக்கவுக்குப் பழகிய களம். போர்க்காலத்தில் தமிழ்ச் சிறுமியும் சிங்களச் சிறுமியும் நெருங்குவதைச் சொன்ன ‘சரோஜா’ (2000) அவருடையதே. ஆனால் வேட்டையை விட்டால் செதிரிஸ் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்வியை ‘சூரிய அரண’ போதிய அளவு கேட்கவில்லை. தராசு முதலிலிருந்தே துவராடைப் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆயினும் இலங்கையில் பெரும் வசூல் கண்ட சிங்களப் படங்களுள் இதுவும் ஒன்று.