மேடை, பாஸ்போர்ட், பணம்: ஈரான் கால்பந்து வீரர்கள் ஐரோப்பா போன கதை

இன்னைக்கு எபிசோட் ஈரான் கால்பந்தைப் பத்தி. இன்னும் சரியாச் சொன்னா, அதுக்குள்ள இருக்கிற ஒரு கேள்வியைப் பத்தி.

1968, 1972, 1976. வரிசையா மூணு தடவை ஆசியக் கோப்பையை ஜெயிச்ச நாடு ஈரான். 1974-ல் டெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கால்பந்து தங்கமும் அவங்களுக்குத்தான். அந்தப் போட்டிக்காகக் கட்டின பெரிய ஸ்டேடியம்தான் இன்னைக்கு ஆசாதி ஸ்டேடியம்னு பேர் மாறி நிற்குது. இப்படி ஆசியாவையே ஆண்ட ஒரு அணியோட வீரர்கள், ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் வரிசையா இடம் பிடிக்க 1990-களின் பிற்பகுதி வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டி வந்தது?

திறமை இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. ஒரு வீரரை ஐரோப்பிய கிளப் ஒண்ணு வாங்கணும்னா மூணு விஷயம் ஒண்ணா அமையணும். அவர் ஆடுறதை அவங்க பார்க்க ஒரு மேடை வேணும். அவர் நாட்டை விட்டுக் கிளம்பப் பாஸ்போர்ட் வேணும். ஒரு நாட்டு பேங்க்ல இருந்து இன்னொரு நாட்டு பேங்க்குக்குப் பணம் போய்ச் சேரணும். ஈரான் கதையில இந்த மூணும் ஒரே நேரத்துல அமைஞ்ச காலம் ரொம்பக் குறைவு.

கோர்தோபாவில் ஒரு டிரா

முதல் மேடை 1978 உலகக் கோப்பை. ஈரான் ஆடின முதல் உலகக் கோப்பை அது. ஜூன் 7, அர்ஜென்டினாவின் கோர்தோபா நகரம், எதிரணி ஸ்காட்லாந்து. ஈரான் டிஃபெண்டர் ஆந்திரானிக் எஸ்கந்தரியான் தவறிப்போய் சொந்த கோல் போட்டுடுறார். ஆனா இரண்டாவது பாதியில இராஜ் தானாயிஃபர்த் கோல் அடிச்சு ஆட்டம் 1-1. உலகக் கோப்பையில் ஈரானுக்குக் கிடைச்ச முதல் புள்ளி அது.

அந்த ஆட்டத்துக்கு அப்புறம் எஸ்கந்தரியானுக்கு வெளிநாட்டு வாய்ப்பு வந்தது. ஐரோப்பாவுல இருந்து இல்லை, அமெரிக்காவுல இருந்து. நியூயார்க் காஸ்மாஸ் அணியில ஜெர்மனியின் பெக்கன்பாவரோட சேர்ந்து ஆடினார். தானாயிஃபர்த்தும் அமெரிக்காவுக்குப் போய் டல்சா அணியில சேர்ந்தார். எஸ்கந்தரியானோட மகன் அலெக்கோ பின்னாடி அமெரிக்க லீக்கில் ஆடி, 2004 இறுதி ஆட்டத்தில் ரெண்டு கோல் அடிச்சார்.

ஆனா ஈரானுக்குள்ள இருந்தவங்களுக்கு அந்த மேடை அதோட இடிஞ்சு விழுந்தது. 1979-ல் இஸ்லாமியப் புரட்சி. 1973-ல் ஆரம்பிச்ச தக்த்-எ ஜம்ஷித் கோப்பைங்கிற தேசிய லீக் நின்னுபோச்சு. டெஹ்ரானின் தாஜ் கிளப்புக்குப் பேர் மாத்தி எஸ்தெக்லால்னு வெச்சாங்க. தாஜ்னா மகுடம், எஸ்தெக்லால்னா விடுதலை. 1980-ல் ஈராக்கோட போர் ஆரம்பிச்சு எட்டு வருஷம் ஓடுச்சு. 1982 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஈரான் ஆடவே இல்லை. 1986-க்கு, சொந்த ஊர் ஆட்டங்களைப் பொதுவான ஒரு நாட்டில் ஆடச் சொன்னாங்க. ஈரான் ஒத்துக்கலை, வெளியேற வேண்டியதாச்சு. யோசிச்சுப் பாருங்க. 1978-ல் 18 வயசுல இருந்த ஒரு பையன், கால்பந்து வீரனா தன்னோட நல்ல வருஷங்கள் முழுக்க உலகக் கோப்பையைத் தொலைக்காட்சியில மட்டும்தான் பார்த்திருப்பான்.

கொல்கத்தா பக்கம் ஒரு கிளைக்கதை

அந்தத் தலைமுறையில சிலர் கிழக்குப் பக்கம் வந்தாங்க. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துல படிக்க வந்த மஜீத் பிஷ்கர், ஜம்ஷித் நசீரி ரெண்டு பேரும் 1980-ல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் சேர்ந்தாங்க. இந்தியாவுல ஆடின வெளிநாட்டு வீரர்களிலேயே மஜீத்தான் சிறந்தவர்னு இன்னைக்கும் வாதாடுற ரசிகர்கள் கொல்கத்தாவுல இருக்காங்க. 2019-ல் கிளப்போட நூற்றாண்டு விழாவுக்கு அவர் திரும்பி வந்தப்போ பெரிய வரவேற்பு கொடுத்தாங்க.

ஜம்ஷித் கொல்கத்தாவிலேயே தங்கிட்டார். அவரோட மகன் கியான் நசீரி 2022-ல் கொல்கத்தா டெர்பியில ஹாட்ரிக் அடிச்சார். அதுவும் அப்பா ஆடின ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரா, மோகன் பகான் சட்டையைப் போட்டுக்கிட்டு! பிறகு 2024-ல் நம்ம சென்னையின் எஃப்சி-யிலும் சேர்ந்தார். டெஹ்ரான்ல லீக் நின்னுபோன ஒரு காலத்தோட கிளை, இப்படிச் சுத்தி வந்து சென்னை வரைக்கும் நீண்டிருக்கு.

1996: திரும்பவும் ஒரு மேடை

போர் 1988-ல் முடிஞ்சது. லீக் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. 1996 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்துல ஆசியக் கோப்பை. காலிறுதியில ஈரான் தென் கொரியாவை 6-2-ன்னு தோற்கடிச்சது. அதுல நாலு கோல் அலி தாயி அடிச்சது. அந்தத் தொடர்ல மட்டும் அவருக்கு எட்டு கோல். தொடரின் சிறந்த வீரர் விருது கொதாதாத் அஸீஸிக்கு.

இங்க ஒரு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்கணும். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் தீர்ப்பைக் கொடுத்திருந்தது. அதுக்கு அப்புறம் ஐரோப்பிய யூனியன் நாட்டு வீரர்களை 'வெளிநாட்டவர்' கணக்குல சேர்க்கக் கூடாது. அதனால அந்த ஒதுக்கீட்டில் காலியான இடத்துக்கு வேற கண்டத்து வீரர்களைத் தேட கிளப்புகளுக்கு வசதி வந்தது. பெரிய கிளப்போட விலைக்குப் போட்டி போட முடியாத சின்ன கிளப்புகளுக்கு ஆசியா நல்ல சந்தையாத் தெரிஞ்சது.

1997-ல் ஜெர்மனியின் அர்மினியா பீலஃபெல்ட் அணி, தாயியையும் கரீம் பாகேரியையும் ஒண்ணா எடுத்தது. அஸீஸி கோல்ன் நகர அணிக்குப் போனார். அப்போ தாயிக்கு வயசு 28. டெஹ்ரானில் ஷரீஃப் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல உலோகவியல் படிச்சவர், அதுக்கப்புறம் கத்தாரின் அல் சத் கிளப்பில் ஒரு சீசன் ஆடினவர். ஒரு ஸ்ட்ரைக்கருக்கு 28-ங்கிறது பாதி வாழ்க்கை முடிஞ்ச வயசு. அந்தத் தாமதத்தை மனசுல வெச்சுக்கோங்க, திரும்பவும் வரும்.

அதே வருஷம் நவம்பர் 29, மெல்போர்ன். உலகக் கோப்பைக்கான கடைசித் தகுதி ஆட்டம். ஆஸ்திரேலியா 2-0 முன்னிலை. கடைசி 20 நிமிஷத்துக்குள்ள முதல்ல பாகேரி ஒரு கோல், அப்புறம் தாயி தள்ளிவிட்ட பந்தில் அஸீஸி ஒரு கோல். 2-2. டெஹ்ரான் ஆட்டம் 1-1-ன்னு முடிஞ்சிருந்ததால, வெளியூர் கோல் கணக்குல ஈரான் உள்ளே. 20 வருஷம் கழிச்சு மறுபடி உலகக் கோப்பை. அணி திரும்பி வந்தப்போ நடந்த வரவேற்புக்கு, பெண்களுக்கு அனுமதி இல்லாத ஆசாதி ஸ்டேடியத்துக்குள்ள ஆயிரக்கணக்கான பெண்கள் நுழைஞ்சாங்க.

பீலஃபெல்ட் 1998-ல் கீழ் டிவிஷனுக்கு இறங்கிடுச்சு. தாயி இறங்கலை, பேயர்ன் மியூனிக் அவரைக் கூப்பிட்டுக்கிச்சு. 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துல, கடைசி நிமிஷங்கள்ல மான்செஸ்டர் யுனைடெட் ரெண்டு கோல் அடிச்சுக் கோப்பையைப் பறிச்ச அந்த ராத்திரியில, பேயர்ன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவங்கள்ல அவரும் ஒருத்தர். இடம் கிடைக்காததால பெர்லினின் ஹெர்த்தா அணிக்கு மாறினார். அங்க அதே வருஷம் சாம்பியன்ஸ் லீக்கில் செல்சியை ஹெர்த்தா 2-1-ன்னு ஜெயிச்சப்போ, ரெண்டு கோலும் அவரோடது.

பின்னாடியே மத்தவங்க போனாங்க. 1998 உலகக் கோப்பையில அமெரிக்காவுக்கு எதிரா கோல் அடிச்ச மெஹ்தி மஹ்தவிகியா, போஹும் வழியா ஹாம்பர்க் போய் எட்டு சீசன் ஆடினார். வஹீத் ஹாஷெமியானும் அலி கரீமியும் பேயர்ன் வரைக்கும் போனாங்க. ரஹ்மான் ரெஸாயி இத்தாலியின் பெருஜியாவுக்கு. ஜவாத் நெகூனாம் ஸ்பெயினின் ஒசாசுனாவுக்கு. எல்லாருக்கும் நல்லபடியா அமைஞ்சதுன்னு சொல்ல முடியாது. இங்கிலாந்தின் சார்ல்டனுக்குப் போன பாகேரி, பிரீமியர் லீக்கில் ஆடினது ஒரே ஒரு ஆட்டம்.

பாஸ்போர்ட்

இப்ப இரண்டாவது விஷயம். ஈரானில் 18 வயசான ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். அதை முடிக்காம, விலக்கும் வாங்காம வெளிநாட்டுக் கிளப்பில் போய்ச் சேர்றது ரொம்பக் கஷ்டம். ஐரோப்பிய கிளப்புகள் ஒரு வீரரை வாங்க ஆசைப்படுறது 19-லிருந்து 22 வயசுக்குள்ள. அரசாங்கம் அவரைக் கூப்பிடுறதும் அதே வயசுல.

அதனால உள்ளூர்லயே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. கடற்படையோட தொடர்புள்ள மலவான், ஷீராஸின் ஃபஜ்ர் செபாசி மாதிரி கிளப்புகள்ல ஆடிக்கிட்டே சேவைக் காலத்தை முடிக்கலாம். விளையாட்டு கைவிட்டுப் போகாது, ஆனா அந்த வருஷங்கள் போனது போனதுதான்.

சின்ன வயசிலேயே கிளம்பினவங்க கதை வேற. கொன்பத்-எ காவூஸ் ஊரைச் சேர்ந்த, துருக்மென் இனத்துக்காரரான சர்தார் அஸ்மூன், 18 வயசுல ரஷ்யாவின் ரூபின் கஸான் போனார். பிறகு ரோஸ்தோவ், ஸெனித், லெவர்குஸன், ரோமா. அலிரெஸா ஜஹான்பக்ஷ் 2013-ல் நெதர்லாந்து போனார். 2017-18 சீசன்ல 21 கோல் அடிச்சு அந்த லீக்கின் டாப் ஸ்கோரர் ஆனார். உடனே இங்கிலாந்தின் பிரைட்டன் அவரை வாங்கிச்சு. 2020 ஜனவரி 1 அன்னைக்கு செல்சிக்கு எதிரா அவர் அடிச்ச பைசைக்கிள் கிக் கோலை யூடியூப்ல பாருங்க.

பணம்

மூணாவது விஷயம் பணம். அமெரிக்கப் பொருளாதாரத் தடையால ஈரான் பேங்க்குகளுக்கும் வெளியுலக பேங்க்குகளுக்கும் நடுவுல வழி அடைபட்டுக் கிடக்கு. ஒரு வீரரோட விலையைக் கொண்டு சேர்க்கிறதே தனி வேலை. 2018 உலகக் கோப்பைக்குச் சில நாள் முன்னாடி, தடையைக் காரணம் காட்டி, ஈரான் அணிக்கு ஷூ கொடுக்க முடியாதுன்னு நைக்கி நிறுவனம் அறிவிச்சது. உலகக் கோப்பை ஆடப்போற அணிக்கே ஷூவுல சிக்கல்!

அதனாலதான் பலருக்கும் வளைகுடா ஒரு இடைநிலையம் ஆச்சு. பக்கத்துல இருக்கு, சம்பளம் நல்லா வருது. தாயிக்குக் கத்தார், கரீமிக்குத் துபாய். மெஹ்தி தரேமிக்கும் கத்தார்தான். ஆனா அங்க போய்ச் சேர்ந்த பலர் அங்கேயே நின்னுட்டாங்க.

தரேமி கதையில இன்னொரு முடிச்சும் இருக்கு. 2016-ல் துருக்கியின் ரிஸேஸ்போர் கிளப்போட ஒப்பந்தம் போட்டுட்டு, திரும்ப பெர்செபோலிஸுக்கே வந்துட்டார். விவகாரம் ஃபிஃபா வரைக்கும் போய், அவருக்கு 4 மாசத் தடை, கிளப்புக்கு ரெண்டு டிரான்ஸ்ஃபர் விண்டோ தடை. கடைசியில அவர் போர்ச்சுகலின் ரியோ ஆவே அணியில காலடி வெச்சது 2019-ல், 27 வயசுல. தாயி ஜெர்மனி போய் 22 வருஷம் ஆகியும், கிட்டத்தட்ட அதே தாமதம். மறு வருஷமே போர்ட்டோ. 2021-ல் செல்சிக்கு எதிரா ஒரு பைசைக்கிள் கிக், 2022-23-ல் 22 கோலோட போர்ச்சுகல் லீக்கின் டாப் ஸ்கோரர். 2023-ல் ஏசி மிலானுக்குப் போக இருந்தது, விண்டோ மூடுற அன்னைக்கு முறிஞ்சது. 2024-ல் இன்டர் மிலான் அவரை எடுத்தப்போ வயசு 32-ஐ நெருங்கியிருந்தது.

ரெண்டு பக்கமும் இழுப்பு

வெளியே போயிட்டா பிரச்சினை தீர்ந்துதான்னா, இல்லை. கிரீஸின் பனியோனியோஸ் அணியில ஆடின மசூத் ஷோஜாயி, எஹ்சான் ஹஜ்சஃபி ரெண்டு பேரும் 2017-ல் இஸ்ரேலின் மக்காபி டெல் அவீவுக்கு எதிரா ஏதென்ஸில் ஆடினாங்க. ஆடலைன்னா கிளப்போட ஒப்பந்தத்தை மீறினதா ஆகும். ஆடினதுக்கு, இனி தேசிய அணியில இடமே இல்லைன்னு ஈரானின் துணை விளையாட்டு அமைச்சர் சொன்னார். கடைசியில ரெண்டு பேரும் 2018 உலகக் கோப்பை ஆடினாங்கங்கிறது வேற விஷயம்.

அந்த உலகக் கோப்பை முடிஞ்சதும் 23 வயசு அஸ்மூன், தேசிய அணியில இருந்து விலகுறதா அறிவிச்சார். தன்னைத் திட்டி வந்த வசவுகளால அம்மாவோட உடல்நிலை மோசமாச்சுன்னு சொன்னார். பிறகு திரும்பி வந்தார். 2022-ல் மாஹ்சா அமீனி மரணத்துக்கு அப்புறம் போராட்டம் வெடிச்சப்போ, இன்ஸ்டாகிராமில் வெளிப்படையா ஆதரவு தெரிவிச்சவர்கள்ல அவரும் ஒருத்தர். அந்த நவம்பர்ல இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்துக்கு முன்னாடி மொத்த அணியும் தேசிய கீதம் பாடாம வாயை மூடி நின்னது. அரசாங்கத்துக்கும் கோபம். 'இன்னும் ஏன் பேசலை'ன்னு மக்கள்ல ஒரு பகுதிக்கும் கோபம். ஐரோப்பாவுல ஆடுறவருக்குக் குரல் தூரம் வரைக்கும் கேட்கும். ஆனா அவரோட குடும்பம் இருக்கிறது ஈரான்ல.

2025 ஜூன் 13. இஸ்ரேல் ஈரான் மேல தாக்குதல் ஆரம்பிச்சது. தேசிய அணிக்காக ஆடப் போயிருந்த தரேமி டெஹ்ரானில் மாட்டிக்கிட்டார், வான்வழி மூடியாச்சு. இன்டர் அணி கிளப் உலகக் கோப்பைக்கு அமெரிக்கா கிளம்பிச்சு, அவர் இல்லாம. அந்த ஆகஸ்டுல அவர் கிரீஸின் ஒலிம்பியாகோஸுக்கு மாறினார்.

இந்தத் தடவை அவர்கிட்ட மேடை இருந்தது, பாஸ்போர்ட் இருந்தது, ஒப்பந்தமும் இருந்தது. விமானம்தான் இல்லை.

ஒரு வீரரோட விலையை டிரான்ஸ்ஃபர் செய்தியில இத்தனை மில்லியன்னு எழுதிடுறாங்க. ஈரான் வீரர்கள் விஷயத்துல அதுக்கு முன்னாடியே ஒரு விலை கட்டியாகுது. அது வருஷக் கணக்குல. தாயி 28, கரீமி 26, தரேமி 27. அடுத்த தடவை ஒரு ஈரான் வீரர் ஏதாவது ஐரோப்பிய கிளப்பில் சேர்ந்தார்னு செய்தி வந்தா, முதல்ல அவரோட வயசைப் பாருங்க.