யார் மாற்றினால் மரபு?

போட்ஸ்வானாவின் கான்யே ஊரில் பெற்றோர் விட்டுச்சென்ற ஒரு வீட்டுக்காக, எடித் மூசி என்ற மூதாட்டியும் அவருடைய மூன்று சகோதரிகளும் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். வீட்டைத் தங்கள் சொந்தப் பணத்தில் பராமரித்தவர்கள் அவர்கள். ஆனால் இங்வாகெட்சே மக்களின் வழக்கப்படி குடும்ப வீடு கடைசி மகனுக்கே சேரும் என்றும், அந்த உரிமை தன் தந்தை வழியாகத் தனக்கு வந்துவிட்டது என்றும் சகோதரர் மகன் ஒருவர் வாதிட்டார். வழக்காற்று மேல்முறையீட்டு மன்றம் அவர் பக்கமே நின்றது. சகோதரிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

இந்த வழக்கைப் படித்தபோது என் கேள்வி வேறாக இருந்தது. 'வழக்கம்' என்று ஒன்றை யார் யாரிடம் கேட்டு எழுதினார்கள்?

ஐசக் ஷபேரா என்ற மானுடவியலாளர் 1929இல் மொசூடியில் கட்லா மக்களிடையே கள ஆய்வைத் தொடங்கினார். பிரிட்டிஷ் நிர்வாகத்துக்காக அவர் தொகுத்த ட்ஸ்வானா சட்டக் கையேடு 1938இல் வந்தது. பிறகு நீதிமன்றங்கள் கையிலெடுக்கும் நூலாகவே ஆயிற்று. சட்டம் பேசப்பட்ட இடம் கோட்லா எனும் ஊர்மன்றம். அது ஆண்களின் இடம். வழக்கு என்றால் பெண்ணுக்காக ஓர் ஆண் பேசுவான். அங்கே கேட்டு எழுதினால் அந்தக் குரல்தான் ஏட்டில் ஏறும்.

ஷபேராவை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. ட்ஸ்வானா வழக்கம் மாறாதது என்று அவர் எண்ணவில்லை. தலைவர்கள் இயற்றிய புதிய சட்டங்களைப் பற்றியே 1943இல் தனி நூல் எழுதினார். இங்வாட்டோ தலைவர் மூன்றாம் காமா, மணமகன் வீட்டார் கால்நடை கொடுக்கும் 'போகடி' முறையை ஒழித்தவர். தலைவர் மாற்றினால் அது சட்டம். முதிய தாயைப் பார்த்துக்கொண்ட மகளே வீட்டில் இருக்கட்டும் என்று ஒரு குடும்பம் கூடிப் பேசி முடித்தால் அதற்கு எந்த நூலிலும் இடமில்லை. அந்த மாற்றம் மரபு மீறலாகவே பார்க்கப்பட்டது.

இந்த இடைவெளியில்தான் 1980களின் இறுதியில் 'தென் ஆப்பிரிக்கப் பகுதியில் பெண்களும் சட்டமும்' என்ற ஆய்வமைப்பு நுழைந்தது. போட்ஸ்வானா, லெசோதோ, மொசாம்பிக், சுவாசிலாந்து, சாம்பியா, சிம்பாப்வே ஆகிய ஆறு நாடுகளில் ஜீவனாம்சம், வாரிசுரிமை, குடும்பம் என அடுத்தடுத்து ஆராய்ந்தார்கள். விதி என்ன என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. கணவன் இறந்ததும் உன் வீட்டில் உண்மையில் என்ன நடந்தது என்று பெண்களிடமே கேட்டார்கள். போட்ஸ்வானா ஆய்வில் பங்கேற்ற யூனிட்டி டௌ மொசூடிக்காரர். வெளிநாட்டவரை மணந்த பெண்ணின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை மறுத்த 1984ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து 1992இல் வென்றவர். 1998இல் நாட்டின் முதல் பெண் உயர் நீதிமன்ற நீதிபதியானவர். ஷபேரா கேட்டு எழுதிய ஊரிலிருந்தே, இம்முறை கேள்வி கேட்கும் இடத்தில் ஒரு பெண்.

கான்யே வழக்கில் 2012 அக்டோபரில் நீதிபதி கீ டிங்காகே, அந்த வழக்கம் அரசமைப்பு தரும் சமத்துவத்துக்கு முரணானது என்றார். 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொரு வழியில் அதே முடிவுக்கு வந்தது: வழக்கம் காலத்தோடு வளர்வது, பெண்ணுக்கு வீடு சேரக் கூடாது என்று இன்றைய இங்வாகெட்சே வழக்கம் சொல்லவில்லை.

முதல் தீர்ப்பு மரபுக்கு எதிராகப் பெண்ணைக் காத்தது. இரண்டாவது, மரபுக்குள்ளேயே அவளுக்கு இருந்த இடத்தை ஒப்புக்கொண்டது. எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் 'எங்கள் பண்பாடு இதை ஏற்காது' என்று சொல்பவருக்குப் பதில் இரண்டாவதில்தான் இருக்கிறது. பெண்களும் அந்தப் பண்பாட்டை வாழ்ந்து, வீட்டுக்கு வீடு மாற்றிக்கொண்டுதான் வந்தார்கள். களத்துக்குப் போகும் மாணவிகள் மன்றத்தில் கேட்டதை எழுதிக்கொண்ட பிறகு, அடுக்களைப் பக்கமும் போய் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.