பார்த்து வந்தவர் சொன்ன கதை



"படம் எப்படி? போகலாமா?" என்று கேட்காத வீடு நம்மிடையே இல்லை. "கட்டாயம் போங்கள்" என்றோ, "காசுக்குக் கேடு" என்றோ பதில் வந்துவிடும். இந்தச் சிறு பேச்சுக்கும் நம் தோட்டங்களில் ஒரு வரலாறு உண்டு. இன்று அதைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.

தமிழ் பேசிய முதற்படமான 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் வெளியாயிற்று. கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, உடன் நடித்தவர் தெலுங்கில் பதில் சொன்னார். அப்படியிருந்தும் மக்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். பின்னர் தமிழ்ப் படங்கள் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தன. 1941 டிசம்பரில் ஜப்பானியர் இங்கே இறங்கியதும் அந்த வரவு நின்று போயிற்று. போர் முடிந்து கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் புதுப் படங்களைக் கண்டோம். 1948இல் வெளிவந்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தைப் பற்றிப் பேசாத லயம் இல்லை எனலாம்.

ஆனால் படம் பார்ப்பது அன்று எளிதன்று. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டியவர்கள் நம் மக்கள். பட்டணத்துக் கொட்டகைக்குப் போவதென்றால் பஸ் கட்டணம், நுழைவுச் சீட்டு, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் என்று செலவு நீளும். ஆகவே ஒருவர் "போய்ப் பார்" என்று சொல்வது விளையாட்டுப் பேச்சன்று. தவறாகச் சொன்னவரை அந்த மாதம் முழுவதும் கேலி செய்வார்கள்.

1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தது. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. தகவல் இலாகாவின் வண்டிகள் வந்து திடலில் திரை கட்டிப் படம் காட்டியதும் அந்தக் காலத்தில்தான். 1946இல் தொடங்கப்பட்ட மலாயா திரைப்படப் பிரிவின் படங்களே அவற்றில் மிகுதி. பிள்ளைகளுக்கு அதுவே திருவிழா. பெரியவர்களோ, "கதைப் படம் எப்போது வரும்?" என்று வண்டிக்காரரைத் துளைத்தெடுப்பார்கள்.

பேராக்கில் நாங்கள் வளர்ந்த தோட்டத்தில் பொழுது சாய்ந்தால் வாயிற்கதவை அடைத்துவிடுவார்கள். இரவுக் காட்சிக்கு யாரும் போக முடியாது. பகற்காட்சிக்குப் போய் வந்த ஓரிருவர்தாம் மற்றவர்களுக்கும் சேர்த்துப் பார்த்து வர வேண்டும். 'பராசக்தி' எங்களிடம் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

கிருஷ்ணன்–பஞ்சு இயக்கி, கலைஞர் மு. கருணாநிதி வசனம் எழுதி, சிவாஜி கணேசன் முதன்முதலாக நடித்த அந்தப் படம் 1952ஆம் ஆண்டு தீபாவளிக்குத் தமிழகத்தில் வெளியானது. பால் ஸ்டோரில் வேலை செய்த அண்ணன் ஒருவர் அதைப் பட்டணத்தில் பார்த்துவிட்டுப் பாட்டுப் புத்தகமும் கையுமாக வந்தார். அன்றிரவு லயத்து வாசலில் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. நீதிமன்ற வசனத்தை அவர் நின்றுகொண்டே பேசிக் காட்டினார். கோயில் காட்சியைச் சொன்னபோது சண்டையே மூண்டது. சாமியை நிந்திக்கிறது என்றனர் சிலர். சாமியின் பெயரால் நடக்கும் கேட்டைத்தானே சொல்கிறது என்றனர் மற்றவர். தமிழகத்திலேயே படத்தைத் தடை செய்யக் கோரிக்கை எழுந்ததென்றால், எங்கள் லயம் எம்மாத்திரம்!

அந்தச் சந்தடியில் ஒரு பாட்டி மட்டும் வேறொன்றைப் பற்றிக் கேட்டார். படத்தில் வரும் அண்ணன் தம்பிகள் மூவரும் ரங்கூனில் வாழ்பவர்கள். குண்டு விழுந்து மக்கள் ஓடும்போது ஒருவன் கால்நடையாகப் புறப்பட்டு, வழியில் ஒரு காலை இழக்கிறான்.

"அவன் வந்து சேந்தானா தம்பி?" என்றார் பாட்டி.

"சேந்துட்டான் பாட்டி. பிச்சையெடுத்தான், கஷ்டப்பட்டான். கடைசியில குடும்பத்தோட சேந்துட்டான்."

பாட்டியின் கணவர் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர். பல்லாயிரம் தோட்டத் தமிழர் அங்கே கொண்டு போகப்பட்டனர். திரும்பாதவர்கள் மிகப் பலர். அவரும் திரும்பவில்லை, இறந்தார் என்ற செய்தியும் வரவில்லை. பாட்டி பொட்டு அழிக்காமலேயே இருந்தார்.

அதற்குமுன் படம் பார்க்கவே போகாத அவர், அடுத்த சம்பளத்துக்குப் பகற்காட்சிக்குப் புறப்பட்டார். திரும்பி வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "கோயில் சண்டைய ஆம்பளைங்க பேசட்டும். கால் போனவன் வீடு வந்தான் பாருங்க, அதுக்காகப் போங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக எங்கள் லயத்துப் பெண்கள் அணியணியாகப் போனார்கள். அண்ணனின் வசனம் ஆண்களைத்தான் அனுப்பி வைத்தது. எத்தனையோ விமர்சனங்களைப் பின்னாளில் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். ஒரு படத்தை இவ்வளவு சுருக்கமாக எடைபோட்ட வேறொன்றை நாங்கள் கண்டதில்லை.

1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. தோட்டம் விட்டுத் தோட்டம் நடந்து போய்ப் படம் பார்க்கும் நாட்கள் வந்தன. எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி என்று லயங்கள் பிரிந்து கிடந்த கதையைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். 1963 டிசம்பரில் கோலாலம்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது. திடலில் திரை கட்டுவது பின்னர் மெல்ல மெல்லக் குறைந்தது.

அதற்குள் 'பராசக்தி' எங்கள் திடலுக்கும் ஒருமுறை வந்தது. இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்புறம் உட்கார்ந்து, எழுத்தெல்லாம் இடவலமாக மாறித் தெரியப் பார்த்தார்கள். பாட்டி முன்வரிசையில் பாய் விரித்திருந்தார். பிரிந்தவர்கள் எல்லாரும் ஒன்றுசேரும் இடம் வந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"இன்னும் முடியலையே பாட்டி" என்றோம்.

"காலையில மரத்துக்குப் போவணும்" என்று சொல்லிவிட்டு, விளக்கில்லாத பாதையில் லயத்தை நோக்கி நடந்தார்.