வெட்சியும் முன்தாக்குதலும்

போரியல் வழக்கில் ‘முன்தாக்குதல்’ என்பது, தாக்கவிருக்கும் பகைவனை அத்தறுவாயில் முந்திக்கொண்டு தாக்குதலாகும். 1967 சூன் 5ஆம் நாள் இஸ்ரேல் எகிப்திய வானூர்தித் தளங்களைத் தாக்கியதை இதற்குச் சான்றாகக் காட்டுவர். அதில் கருத்து வேறுபாடும் உண்டு. பகை பின்னாளில் வலுப்பெறலாம் என அஞ்சி முன்னரே தாக்குதல் இதனின் வேறானது. அது ‘தடுப்புப் போர்’ எனத்தகும். முள்மரத்தை இளமையிலேயே களைக என்னும் குறட்கருத்து (அதி. 88) இப்பின்னதன்பாற்படும்.

முதலில் தாக்குதல் என்னும் பொருளுக்குப் பழந்தமிழ்ச் சொல்லாக வெட்சியைக் கொள்ளத் தோன்றும். தொல்காப்பியப் புறத்திணைகளுள் முதலில் வைக்கப்பட்ட வெட்சி, பகைவர் ஆநிரையைக் கவர்தலைக் குறிக்கும். அதன் துறைகளுள் ஒன்றான ‘ஆகோள்’ என்னும் சொல், 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகல்லிலும் பயில்கிறது. எனவே அது செய்யுள் வழக்கு மட்டுமன்று, உலக வழக்குமாம்.

எனினும் வெட்சி, வரவிருக்கும் தாக்குதலைத் தவிர்க்க எழுவதன்று. போரைத் தொடங்க எழுவது. தொல்காப்பியர் அதனை வேந்தன் ஏவலால் நிகழ்வதாக வரையறுக்க, புறப்பொருள் வெண்பாமாலை ஏவலின்றி நிகழ்வதையும் ‘தன்னுறு தொழில்’ என ஏற்கிறது. புறநானூற்று 9ஆம் பாடலோ, அம்பு எய்யுமுன் ஆவினங்கள், அந்தணர், பெண்டிர், பிணியுடையோர், புதல்வரைப் பெறாதோர் ஆகியோர்க்கு அறிவித்து அரண் தேடச் செய்யும் அறத்தைப் போற்றுகிறது. முன்தாக்குதலின் வலிமையோ அறிவியாமையிலேயே உள்ளது.

ஆதலின் இம்மூன்றையும் ஒரு சொல்லால் வழங்குதல் பொருந்தாது. தடுப்புப் போரை முன்தாக்குதல் என வழங்கின், வெறும் ஐயத்தால் தொடுத்த போரும் தற்காப்பாகத் தோற்றமளிக்கும். கலைச்சொல்லாக்கத்தில் இவ்வேறுபாடு பேணப்படுதல் இன்றியமையாதது.