திருப்பாச்சேத்தி அரிவாள்

சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தியின் கொல்லுப் பட்டறைகளில் அடிக்கப்படும் கார்பன் எஃகு அரிவாளுக்கு ஊர்ப் பெயரே பெயர். மதுரை–இராமேசுவரம் சாலையில் சிலைமான், கீழடி விலக்கு, திருப்புவனம் தாண்டி, மதுரையிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் இவ்வூர் உள்ளது. சினிமா இந்த அரிவாளைக் கொலைக் கருவியாக மட்டுமே காட்டியது கொல்லர்களுக்கு இழைத்த அநீதி. விறகு வெட்டவும், வேலி கழிக்கவும், இளநீர் சீவவும் ஒரே கருவியை நம்பியிருக்கும் குடும்பங்களுக்காகத்தான் இது உருவானது.

இதன் வடிவம் இந்த மண்ணின் முள்ளுக்குப் பொருந்துகிறது. வைகைச் சமவெளியில் பரவிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தைக் கையால் தொட முடியாது. அரிவாளின் வளைந்த மூக்கால் கிளையைக் கொக்கிபோல் இழுத்துப் பிடித்து, பிறகு வெட்டுகிறார்கள். அந்த மரத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரிதான் உலைக்கும் எரிபொருளாகிறது.

எஃகு பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. சுமார் 0.5 முதல் 0.6 விழுக்காடு கார்பன் கொண்ட இந்த எஃகு, சூடேற்றிச் சட்டெனக் குளிர்வித்தால் இறுகும். ஜன்னலும் கேட்டும் செய்யும் சாதாரண இரும்பில் கார்பன் பொதுவாக 0.25 விழுக்காட்டுக்கும் குறைவு. எவ்வளவு தீட்டினாலும் அதில் பதம் நிற்காது. நேபாளத்தின் குக்ரிக்கும் லாரிப் பட்டையே பரவலாகப் பயன்படுகிறது. காடு சுற்றுவோர் மலிவு விலைக்காக விரும்பும் சுவீடனின் மோரா கத்தி ஆலையில் உருவாவது. ஆனாலும் அதன் கார்பன் எஃகு வகைக்கும் உயிர் இதே தோய்ச்சல்தான்.

தோய்ச்சல் என்பது பழுக்கக் காய்ச்சிய அலகை நீரிலோ எண்ணெயிலோ முக்குவது. சுமார் 770 டிகிரி செல்சியசில் எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகும்; அதற்கும் மேலே சூடேற வேண்டும். கொல்லர் கண் நிறத்தைப் பார்த்தே அதை அறியும். வாய்ப்பக்கத்தை மட்டும் முக்கி எடுத்து, ஓரத்தைத் தேய்த்துப் பளிச்சிட வைக்கிறார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்குகிறது. வைக்கோல் மஞ்சள் ஓடிவரும். பின்னாலேயே பழுப்பு, ஊதா, நீலம். பழுப்பு ஏறும் கணத்தில் மறுபடி முக்கினால் வாய் கடினமாகவும் முதுகு வளைந்துகொடுப்பதாகவும் அமையும். நீலம் வரை விட்டுவிட்டால் வாய் மழுங்கும். மஞ்சளுக்கு முன்பே முக்கினால் முதல் கணுவிலேயே பல் விழும்.

வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியதும் இந்தத் தோய்ச்சலைத்தான், பளபளப்பை அல்ல. முலாம் பூசியவை அலங்காரத்துக்கும் நேர்த்திக்கடனுக்கும் சரி. வேலைக்குக் கறுத்த அலகே நல்லது, ஏனென்றால் குறைகள் மறையாமல் தெரியும். பட்டறைக்காரரிடம் கேட்டு, சிறு அரத்தை வாயில் இழுத்துப் பாருங்கள்: வழுக்க வேண்டும். முதுகில் இழுத்தால் பிடிக்க வேண்டும். வாயோரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும்; நீரில் தோய்த்தவற்றில் அது வருவதுண்டு. காம்பு பிடிக்குள் ஆழமாக இறங்கி, பூணால் இறுகியிருக்க வேண்டும். கைக்குள் அடங்கும் வேலைக்கு இதே பட்டையில் நாலைந்து அங்குலக் கத்தி அடித்துத் தரச் சொல்லலாம். மரம் சீவ, கயிறு அறுக்க, காய் நறுக்க அதுவே போதும்.

1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்ட விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. 2021இல் வாங்குவோரின் பெயர், முகவரியைப் பதிந்துகொள்ளும்படி தமிழகக் காவல்துறை பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது.

கார்பன் எஃகு துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். புளி, எலுமிச்சை பட்டால் உடனே கழுவ வேண்டும். பதம் அடியோடு போனால் பட்டறைக்கே எடுத்துப்போகலாம். திரும்ப அடித்துத் தோய்ச்சல் வைத்துத் தருவார்கள். அரிவாளாக நீடிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்ததைக் கத்தியாகவும் அடித்துக்கொள்ளலாம்.