மெய்யே முதற் படை

போர்க்கலை என்றவுடன் வாளும் வேலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அக்கலையின் முதற்பாடத்தில் படைக்கலம் ஏதுமில்லை. திருவனந்தபுரத்தில் வாழும் நாம் இதனை அறியத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை, கிழக்கேகோட்டையிலுள்ள சி. வி. என். களரியைக் கண்டால் போதும்.

சி. வி. கோவிந்தன்குட்டி நாயர் அதனை நிறுவிய ஆண்டு 1956. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் கேரளம் தனி மாநிலமாயிற்று; திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரி சென்னை மாநிலத்தில் இணைந்தது. எல்லை பிரிந்தது, சொல் பிரியவில்லை. களரிப்பயிற்றின் முதற்பருவத்திற்குப் பெயர் மெய்த்தாரி. கோல்த்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை ஆகியவை அதன் பின்னரே வரும். மெய், கோல், கை என்பவற்றிற்குப் பொருள் கூற நமக்கு அகராதி வேண்டுமோ?

வழிவந்த களரி, 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக நிலத்தைத் தாழ அகழ்ந்து அமைக்கப்படுவது. மாணவன் உடலில் எண்ணெய் பூசி, கச்சை கட்டி, வலக்காலை முன்வைத்து அதனுள் இறங்குகிறான். நிலந்தொட்டு வணங்கி, தென்மேற்கு மூலையில் ஏழு படிகளோடு விளங்கும் பூத்தறையைப் பணிகிறான். அடுத்தது காலெடுப்பு. காலை நேரே உயர்த்தியும் வட்டமாகச் சுழற்றியும் களரியின் நீளம் முழுவதும் சென்று மீள்கிறான். உடல் சூடேறி மூச்சு சீர்ப்பட்ட பின்னரே மெய்ப்பயிற்று தொடங்கும். குருக்களின் வாய்த்தாரிக்கு இணங்கத் தாழ்தலும் பாய்தலும் திரும்புதலும் இடையறாது நிகழும். எளியதிலிருந்து அரியதற்கு, மெல்லசைவிலிருந்து விரைவிற்கு என்பதே இம்முறையின் நெறி.

இந்நெறி எளிதில் நம்மை வந்தடையவில்லை. பழசி ராஜா 1805-இல் வீழ்ந்தார். அவரது கிளர்ச்சியை அடக்கிய ஆண்டுகளில் கும்பெனியார் மலபார் மக்களின் படைக்கலங்களைக் கவர்ந்தனர். வாளைப் பறிக்கலாம், மெய்யில் படிந்த பயிற்சியைப் பறிக்க இயலுமா? இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தலைச்சேரியில் கோட்டக்கல் கணாரன் குருக்களும் அவர் மாணவர் சி. வி. நாராயணன் நாயரும் அக்கலைக்குப் புத்துயிர் அளித்தனர். 1944-இல் மறைந்த அந்த நாராயணன் நாயரின் மைந்தரே கோவிந்தன்குட்டி நாயர். களரியின் பெயரும் தந்தையின் பெயரே.

கடல் கடந்தும் இக்கருத்தே நிலவியது. ஒகினாவாத் தீவின் கராத்தே ஆசான் மியாகி சோஜூன், அடிப்படைப் பாடங்களுக்கு முன் செய்வதற்கென ‘ஜூன்பி உண்டோ’ என்னும் ஆயத்தப் பயிற்சிகளை வகுத்தார். அசைவின்றி நெடுநேரம் தசையை இழுத்து நிற்பது அதன் விசையைச் சற்று நேரம் குறைக்கும். பயிற்சிக்கு முன் அசைந்து சூடேறுவதே ஏற்றது என்று இன்றைய ஆய்வும் கூறுகிறது.

நாற்பதைக் கடந்த நாம், நாளெல்லாம் கோப்புகளின்முன் அமர்ந்திருந்துவிட்டு, ஒருநாள் பிள்ளைகளுக்குக் காட்டும் பெருமிதத்தில் காலை உயர வீசினோம். மூன்று வாரம் நொண்டினோம். நம் பிள்ளைகள் இன்று கராத்தே வகுப்பிற்கு ஓடுகின்றனர். முதல் நாளே உதையும் குத்தும் கற்க விழைகின்றனர். அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவது ஒன்றே: ஆயத்தம் கலைக்கு வெளியே நிற்கும் வாயிற்படியன்று, அதுவே கலையின் முதற்பாடம்.